சுவரின் செய்தி

ஓப் ஆற்றின் மேல் லாரி ஓடுகிற மாதம்.
நோவசிபிர்ஸ்கில், வெளியே,
மைனஸ் முப்பத்தெட்டு.
உள்ளே எஃகு உருளைக்குள்
ஒன்றுமே இருக்கக் கூடாது.
இருக்கிறது. எங்கிருந்தோ கசிகிறது காற்று.

சோல்போன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து
ஒவ்வொரு மூட்டாகத் தடவுகிறான்,
காய்ச்சல்காரன் நெற்றியில் பற்றுப் போடுவதுபோல.
நான் அளவியைப் பார்த்தபடி நிற்கிறேன்.
ஏழாவது மூட்டில் முள் துடித்தது.
பிரித்தோம்.
ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு முடி.
நரைமுடி.
யாருடையது என்று அவன் கேட்கவில்லை.
அறையில் இருப்பது இரண்டு பேர்,
அவனுக்கு வழுக்கை.

பிறகு மூன்று மணி நேரம் பம்புகளின் முனகல்.
டங்ஸ்டன் குழாய் சிவந்து, மஞ்சளாகி, வெளுத்தது.
அதன் வழியே ஹைட்ரஜன்,
கூடவே கொஞ்சம் மீத்தேன்,
கோடையில் சதுப்பு நிலம் குமிழியிடும் அதே வாயு.

வெப்பம் என்பது ஒரு சந்தைக் கூட்டம்.
அணுக்கள் இடித்துக்கொண்டு, திரும்பி, மறுபடி இடித்துக்கொண்டு,
எல்லாத் திசைக்கும் ஒரே நேரத்தில் புறப்பட்டு
எங்கும் போய்ச் சேராமல்.
சின்னத் துளைவழி வெற்றிடத்துக்குள் விட்டால்
இடிப்பெல்லாம் போக்காகிவிடும்.
தாரை ஒலியை முந்தும்.
முந்த முந்தக் குளிரும்.
பக்கத்து அணு அசைவதாகவே தெரியாது எதற்கும்,
இரவு ரயிலில்
எதிரெதிர் இருக்கையில் தூங்குகிறவர்கள்போல.

முன்னால் சுவர் இருக்கிறது என்ற செய்தி
ஒலியின் வேகத்தில்தான் எதிரே வர முடியும்.
இவை அதைவிட வேகம்.
ஆகவே இவற்றுக்கு
யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வெனியமீன் தன் பனிச்சறுக்குக் கட்டைகளைக்
கட்டி எடுத்துப் போன வாரம்
நான் துளையின் விட்டத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.
கதவோரம் காலியாகிவிட்டதை
பனி உருகியபோதுதான் பார்த்தேன்.

பதினோரு மாதம்.
தகட்டில் படிந்ததெல்லாம் சட்டியின் அடிக்கரி.
தாரை பாய்ந்தது, பாய்ந்தது,
வைரம் பாயவில்லை.

காலை நாலரைக்கு வால்வைத் திறந்தான் சோல்போன்.
அறையின் காற்று
அவன் தின்ற பூண்டு வாசனையையும் சேர்த்துக்கொண்டு
சீறி உள்ளே போனது.
அந்த நொடி அதுவும் ஒலியின் வேகத்தில்தான் போகிறது.
அதை யாரும் அளப்பதில்லை.

பிடித்திருந்த ஸ்க்ரூ கழன்று
தகடு சரிந்து கிடந்தது.
இன்னொரு இரவு வீண் என்று கெட்ட வார்த்தை சொன்னேன்.
சரிந்ததில் மேலே தூக்கிய மூலையில்
நகத்தளவு ஒரு மங்கல்,
கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல.

நுண்ணோக்கியின் கீழே முகங்கள்.
மூன்று பக்கம், நான்கு பக்கம்,
தீட்டாமலே பட்டை.
லேசர் வைத்துப் பார்த்தோம்:
ஆயிரத்து முந்நூற்று முப்பத்திரண்டில்
ஒல்லியாக ஒரே முகடு.
அந்த எண் கரியின் எண் அல்ல.

சோல்போன் "ம்" என்றான்.
பாலும் உப்பும் போட்டுத் தேநீர் காய்ச்சினான்.
பாதி குடித்தபின் கேட்டான்:
"எத்தனை டிகிரி சாய்ந்திருந்தது?"

எனக்குத் தெரியாது.
எடுக்கும்போதே தகடு
அவன் உள்ளங்கையில் விழுந்துவிட்டது.
தெரிந்திருந்த ஒரே சாட்சி அந்த ஸ்க்ரூ.
அதை அவன் ஏற்கெனவே
டப்பாவில் மற்ற ஸ்க்ரூக்களோடு போட்டிருந்தான்.

ஒன்பது மணிக்குக் கணக்குப் பிரிவு கிளாஃபீரா
படிவத்தோடு வந்தாள்.
பெற்ற பொருள், எடை, கிராமில்.
தராசில் வைத்தோம்.
புதுத் தகட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் காட்டவில்லை.
பூஜ்யம் என்று எழுதினேன்.
தொப்பியைக்கூடக் கழற்றாமல் முத்திரை குத்தினாள்.

மறுபடி மாட்டுகிறோம்.
"கால் திருகு தளர்த்தலாம்" என்கிறான்.
"அரை" என்கிறேன்.
வளையத்தை மூடும் முன்
தலையில் துணி கட்டிக்கொள்கிறேன்.